இடது கைக்கு மட்டும் ஒரு கிளவ்

அண்ணாச்சி,

இன்று காலை உங்கள் கோல்ஃப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். மழைக்காலம் முடிந்ததும் தோல் சாமான்களை வெயிலில் காட்ட வேண்டும் என்பீர்களே, அதற்காகத்தான். கையை விட்டதும் தோலும் பவுடரும் பழைய வியர்வையும் கலந்த அந்த வாடை வந்தது. உள்ளே உங்கள் கடைசி கிளவ். விரல்கள் பாதி மடங்கி, எதையோ பிடிக்கப்போய் நின்றுவிட்டது போலக் காய்ந்து கிடந்தது. சட்டென்று ஜிப்பை மூடினேன். பிறகு மனசு கேட்காமல் திறந்து, கிளவை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஒரு கிளவைப் பார்த்து என்ன பயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

செகந்திராபாத் லோத்குண்டாவில் உங்கள் வீட்டு மாடி போர்ஷனுக்கு நானும் என் மனைவியும் குடிவந்த புதிது. பாளையங்கோட்டையிலிருந்து வந்து மாதாப்பூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஊர்ப் பழக்கத்தில் உங்களை அண்ணாச்சி என்றும், உங்கள் மனைவியை மைனி என்றும் கூப்பிட்டேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு அது ஒரே சிரிப்பு. உங்கள் ஊர்ப் பேச்சில் எதற்கு என்றால் 'கைக்கு', மளிகை என்றால் 'கிரானா', ஆமாம் என்றால் 'ஹவ்'.

"கைக்கு பா அண்ணாச்சிங்கற? நான் என்ன கிரானா கடையா வெச்சிருக்கேன்?"

பாலாநகரில் விமானங்களுக்கு எலக்ட்ரானிக் சாமான் செய்யும் ஆலையில் நீங்கள் இன்ஜினியர். ஆனால் அது வாரத்தில் ஆறு நாள் சமாச்சாரம். ஏழாம் நாள் கோல்ஃப். ஞாயிற்றுக்கிழமை காலையைக் காலியாக வைத்துக்கொள்வதற்காகவே சனிக்கிழமை சாயங்காலச் சர்ச் பூசைக்குப் போய்விட்டு வருவீர்கள். "ஆண்டவருக்கு சனிக்கிழமையே கணக்கு முடிச்சாச்சு தம்பி. ஞாயித்துக்கிழமை அவரே வந்தாலும் இவர் வீட்ல இருக்க மாட்டார்" என்பார் மைனி.

கம்பெனி வேலையாக அமெரிக்காவுக்கு ஆன்சைட் போனபோது அங்கே ஒருத்தர் என்னைக் கோல்ஃப் ஆடக் கூட்டிப்போனார் என்று நான் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், மறுவாரமே என்னைக் கண்டோன்மெண்ட் மைதானத்துக்கு இழுத்துப் போனீர்கள். அன்றிலிருந்து நான் உங்கள் ஆள். உலகத்தில் எங்கே எந்தப் போட்டி, யார் முன்னிலை, யார் தூர அடிக்கப் புது டிரைவர் மட்டைக்கு மாறினார், யார் குழிக்குள் உருட்டப் பழைய பட்டர் மட்டைக்கே திரும்பினார், எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஆபீஸ் போகும் முன் மாடிக்கு வந்து என் கம்ப்யூட்டரில் கோல்ஃப் செய்தி படித்துவிட்டுத்தான் பாலாநகருக்கு ஸ்கூட்டரைக் கிளப்புவீர்கள். என்னோடு ஆன்சைட் போனவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கி வந்தார்கள். என் பெட்டி நிறைய உங்களுக்கான பந்தும் கிளவும்தான்.

கோல்ஃபில் வலதுகை ஆட்டக்காரர் இடது கைக்கு மட்டும்தான் கிளவ் போடுவார். வெயிலில் உங்கள் வலது கை கறுத்து, இடது கை மட்டும் வெளுத்து இருக்கும். "இந்தக் கை துரை, இந்தக் கை வேலைக்காரன்" என்று இரண்டையும் நீட்டிக் காட்டுவீர்கள். அந்தத் துரைக்குத்தான் முதலில் வந்தது.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆட ஆரம்பித்த புதிதில் ஒரு காலை, குழிக்குப் பக்கத்தில் நீங்கள் பட்டரைப் பந்துக்குப் பின்னால் வைத்தீர்கள். பந்து ஒரு மயிரிழை உருண்டதாம். எனக்குத் தெரியவில்லை, கூட ஆடிய கர்னலுக்கும் தெரியவில்லை. நீங்கள் நிமிர்ந்து, "பந்து அசைஞ்சுது. எனக்கு ஒண்ணு கூட்டிக்குங்க" என்றீர்கள். அந்த ஒரு அடி அபராதத்தில் ஆட்டமே போனது. திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"யாரு பாத்தா அண்ணாச்சி? நீங்களா எதுக்குச் சொல்லுதீய?"

"இந்த ஆட்டத்துல அம்பயர் கிடையாது பா. அசைஞ்சா நாமதான் சொல்லணும். யாரும் பாக்கலன்னா இன்னும் சத்தமா சொல்லணும்."

இரண்டு வருஷம் கழித்து, கை நீட்டினால் குழி என்கிற தூரத்தில், உங்கள் இடது கை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டியது. பந்து குழியைத் தாண்டி ஓடியது. அடுத்த வாரமும் அப்படியே. கோல்ஃப்காரர்களுக்கு இப்படி ஒரு சீக்கு உண்டு, யிப்ஸ் என்பார்கள். பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் வந்திருக்கிறது. குழிக்குள் உருட்டும் சின்ன அடியின்போது கை நம் பேச்சைக் கேட்காது. அந்த வார்த்தையைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்று நீங்கள் நம்பினீர்கள். அம்மை கண்ட வீட்டில் அம்மை என்று சொல்லாத மாதிரி, அதற்கு நீங்கள் வைத்த பெயர் 'அது'. "அது வந்துடுச்சு பா" என்றீர்கள், கொஞ்சம் பெருமையாகக்கூட. உலக ஆட்டக்காரர்களின் வியாதி லோத்குண்டா வரைக்கும் வந்துவிட்டதே.

பிறகு நாம் செய்ததை நினைத்தால் இப்போது சிரிக்கவும் முடியவில்லை. தடிமனான பிடி போட்ட பட்டர் வாங்கினோம். மார்பில் ஊன்றிக்கொண்டு ஊசல் போல ஆட்டும் நீளமான பட்டரை அட்டைக் குழாயில் சுற்றி நான் சிகாகோவிலிருந்து கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் சுங்கக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, ஜன்னல் திரைக்கான கம்பியா என்று கேட்டார். நீங்கள் வாசலிலேயே அதைப் பிரித்து, மார்பில் ஊன்றி, மைனியின் கோலத்தின்மேல், இல்லாத ஒரு குழிக்குள் பந்தை உருட்டினீர்கள். ஒரு மாதம் கை அடங்கியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று இருவரும் நினைத்தோம்.

அப்புறம்தான் கிளவ் பெரிதாயிற்று.

"இந்தத் தடவை அளவு மாத்திட்டான் பாரு. லொட லொடன்னு இருக்கு." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் சுருங்கி மடிந்து கிடந்தது. அடுத்த பயணத்தில் ஒரு அளவு சின்னதாக வாங்கி வந்தேன். அது சில மாதம். பிறகு அதுவும் தொளதொளத்தது. உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்கு இங்கிலீஷில் காரசாரமாக ஒரு மெயில் போட்டீர்கள். இத்தனை வருட வாடிக்கையாளனை இப்படி ஏமாற்றலாமா என்று. பதில் வந்தது. மரியாதையான பதில். அளவில் எந்த மாற்றமும் செய்யவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

நாம் இருவரும் அதைப் படித்தோம். உங்கள் இடது கை மேசைக்கு அடியில் இருந்தது.

"பொய் சொல்றான் பா" என்றீர்கள்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். மெயிலை மூடினேன்.

முதலில் வாயைத் திறந்தவர் மைனிதான். நீங்கள் ஆலைக்குப் போயிருந்த ஒரு காலையில் மாடிக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"தம்பி, இவருக்கு சட்டை பட்டன் நான்தான் போட்டு விடறேன். ரெண்டு மாசமா. கேட்டா கோல்ஃப் வியாதி, எல்லாருக்கும் வர்றதுங்கறார். நீங்களும் ஹவ் ஹவ்னு தலையாட்றீங்க. பட்டன் போடறதும் கோல்ஃபா தம்பி?"

என் மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

செகந்திராபாத்தில் அந்த நரம்பு டாக்டரின் அறை உங்களுக்கு நினைவிருக்கும். "எனக்கு பட்டிங்ல மட்டும்தான் டாக்டர்" என்று ஆரம்பித்தீர்கள். அவருக்குக் கோல்ஃப் தெரியாது. இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். துரையும் வேலைக்காரனும். வேலைக்காரன் கை திடமாக இருந்தது. துரையின் கட்டைவிரல் பக்கத்துச் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. டாக்டர் உங்கள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, ஒன்றும் செய்யாமல் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். தோலுக்கு அடியில் புழு நெளிவது போல ஏதோ ஓடியது. நின்றது. வேறு இடத்தில் ஓடியது. நீங்கள் மட்டும் அதைப் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் மைனி நடுவில் உட்கார்ந்து, கைப்பைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். திருமலகிரி தாண்டியதும் நீங்கள் கேட்டீர்கள்.

"அப்ப யிப்ஸ் இல்லையா பா?"

அந்த வார்த்தையை உங்கள் வாயால் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

"யிப்ஸா இருக்கணும், யிப்ஸா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். தோலுக்கடியில ஓடுறது எனக்குத் தெரியும் பா. ரொம்ப நாளா தெரியும். சொன்னா நிஜமாயிடும்னு பயம். பந்து அசைஞ்சப்ப எல்லாம் சொன்னேன். கை அசைஞ்சதை ஒருத்தர்கிட்டயும் சொல்லலியே."

மைனி உங்கள் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும் வரை விடவில்லை.

முன்னமே சொல்லியிருந்தாலும் டாக்டரால் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாதாம். பிறகு நானே தனியாகப் போய்க் கேட்டேன். ஆனால் அந்த மாதங்களில் நீங்கள் தனியாகப் பயந்திருக்க வேண்டியதில்லை. மைனி இன்றுவரை ஆறாமல் சொல்வது அது ஒன்றைத்தான்.

தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற சீக்கு. கை போயிற்று, அப்புறம் கால், அப்புறம் குரல். அந்த வரிசையை விவரிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆபீஸ் போகும் முன் அந்த நாட்களில் நான் கீழே இறங்கி வந்தேன். உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கோல்ஃப் செய்தி படித்துக் காட்டினேன். புது டிரைவர் மட்டையின் படம் காட்டினால், பிடித்திருந்தால் ஒரு முறை கண்ணை மூடித் திறப்பீர்கள். பிடிக்காவிட்டால் மேலே பார்ப்பீர்கள். கடைசி வரை எந்தக் கம்பெனியையும் நீங்கள் சுலபத்தில் மன்னிக்கவில்லை.

நீங்கள் போன பிறகு ஒரு நாள், நீளமான பட்டரை மார்பில் ஊன்றி ஆடுவதைத் தடைசெய்யப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. படித்ததும் உங்களிடம் சொல்லப் படியில் பாதி இறங்கிவிட்டேன். கீழே மைனி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்ன தம்பி என்றார். ஒன்றுமில்லை என்று மேலே ஏறிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அது ஆரம்பித்த வயதை நான் தொட்டுவிட்டேன் அண்ணாச்சி. தினம் காலையில் பல் துலக்கிய கையோடு என் இடது கைக்கு கிளவ் மாட்டிப் பார்க்கிறேன். இறுக்கமாக இருக்கிறதா, தோல் மடிகிறதா என்று. என் மனைவி ஒரு முறை பார்த்துவிட்டு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கது உங்களுக்காகவே சொன்னதுதான்" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். போன வாரம் காபி டம்ளரைப் பிடித்திருந்தபோது என் இடது கட்டைவிரல் தானாகத் துடித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. பிறகு தானாகவே நின்றது. மறுநாளும் வந்தது. தூக்கம் கெட்டால் வரும், காபி கூடினால் வரும் என்று ஆயிரம் காரணம் படித்துவிட்டேன். இது ஒட்டுவாரொட்டி இல்லை, உங்களுக்கும் எனக்கும் ரத்த உறவும் இல்லை. புத்திக்கு எல்லாம் தெரிகிறது. வயிறுதான் கேட்க மாட்டேன் என்கிறது. உங்கள் சீக்கின் பெயரை இவ்வளவு நேரத்தில் நான் ஓரிடத்திலும் எழுதவில்லை, கவனித்தீர்களா. உங்கள் புத்தி எனக்கும் வந்துவிட்டது.

இன்று காலை மறுபடியும் துடித்தது. அதன் பிறகுதான் உங்கள் பையைத் திறந்தேன். மகள் காலேஜுக்குப் போய்விட்டாள். அடுக்களையில் என் மனைவியின் தோசைக்கல் சத்தம் கேட்கிறது. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உங்கள் கிளவ் என்னையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது. இருங்கள், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன்.

அடுக்களை வாசலில் நின்று சொன்னேன். ஆட்டத்தில் உங்களிடம் படித்த மற்ற எதுவும் எனக்கு ஒழுங்காக வரவில்லை, இது ஒன்று வந்தது. நீங்கள் நிமிர்ந்து சொல்வீர்களே, அதே மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"கை அசைஞ்சுது. யாரும் பாக்கல. நானாத்தான் சொல்லுதேன். எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கையைப் புடவையில் துடைத்தபடி பக்கத்தில் வந்தாள்.

"எந்தக் கை?" என்று கேட்டாள்.

இடது கையை நீட்டினேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்குள்ளேயே அது இன்னொரு முறை துடித்தது. அவளும் அதைப் பார்த்தாள்.