மூக்கில் குழாய், பஜாரில் பந்தல்

அன்பு மகள் சரிதாவுக்கு அப்பா எழுதுவது. கோத்தகிரியில் நானும் உன் அம்மாவும் நலம். என் நுரையீரலை மட்டும் தனியாக விசாரித்துக்கொள், அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை குறைவு. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறோம்.

தேயிலைக் காட்டை விற்றுவிட்டுக் கோயமுத்தூர் பிளாட்டுக்கு இறங்கி வரும்படி நீ சொன்னதை யோசித்தேன். வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் எனக்கு மூச்சும் உனக்குப் பொறுமையும் தீர்ந்துபோவதால் எழுதுகிறேன். டாக்டர் சொன்ன மிஷின் வந்துவிட்டது. மூக்கில் இரண்டு குட்டிக் குழாய் வைத்து வெதுவெதுப்பான ஈரக் காற்றை வேகமாக அனுப்புகிறது. நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்கள் நாங்கள் விட்ட கெட்ட மூச்சு தொண்டையிலேயே தங்க, அதையே திரும்ப இழுக்கிறோமாம். இந்தக் காற்று அதைக் கழுவித் தள்ளுவதால் மூச்சு நிதானமாகிறது, நெஞ்சுக்குப் பாடு குறைகிறது என்று நர்ஸ் பங்கஜம் சொன்னாள். டீ ஃபேக்டரி வேலையில் இலைக்குக் காற்றடித்து ஈரத்தைப் பிடுங்கி, தூள் சலித்த தூசியை நெஞ்சில் வாங்கியவன் நான். இப்போது எனக்கே காற்றடித்து ஈரம் ஏற்றுகிறார்கள். இலைகள் பார்த்தால் சிரிக்கும். வெறும் தண்ணீரில் என்ன குணம் இருக்கும் என்று உன் அம்மா மிஷின் தண்ணீர்ப் பெட்டியில் நீலகிரித் தைலம் விட்டுவிட்டாள். நான் இருமிய இருமலில் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டாள். பங்கஜம் பெட்டியை மாற்றிவிட்டு, ஏனுங்கம்மா, இதென்ன ஆவி புடிக்கிற சட்டிங்களா, காய்ச்சி வடிச்ச தண்ணியத் தவிர ஒரு சொட்டு ஊத்தாதீங்க என்றாள். மலையில பொறந்த மூக்குக்கு மலைத் தைலம் ஆகாதுங்களா என்று அம்மா கேட்க, மூக்குக்கு ஆகுமுங்க, அவரு நெஞ்சுக்கு ஆகாதுங்க என்றாள். அம்மா இன்னும் சமாதானமாகவில்லை.

பச்சைத் தேயிலை விலை பறிகூலிக்கே போதவில்லை. டீக்கு விலை விழுந்துவிட்டது என்கிறார்கள். கடையில் ஒரு கிளாஸ் டீ விலை விழுந்து நான் பார்த்ததில்லை. சிறு விவசாயிகள் நியாய விலை கேட்டு பஜாரில் போராட்டப் பந்தல் போட்டிருக்கிறோம். ராத்திரி மிஷினோடு தூங்கி எழுந்து பகலில் போய் உட்காருகிறேன். முன்பெல்லாம் கோஷத்தின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வேன், இப்போது முழுதாக வருகிறது. சங்கத் தலைவர் தேவநேசன், நீங்க சும்மா உக்காருங்கண்ணா, கத்த வேண்டாமுங்க என்றார். இத்தனை காலம் கத்தாமல் இருந்ததற்குத்தான் இந்த விலை என்றேன், ஒரே மூச்சில். அவரைவிட எனக்குத்தான் ஆச்சரியம். டாக்டர், மிஷின் நோயைத் தீர்க்காது, மூச்சின் பாரத்தைத்தான் குறைக்கும் என்றார். அரசாங்கத்திடம் நாங்களும் அவ்வளவுதான் கேட்கிறோம். காட்டைப் பார்க்க நீ அனுப்பிய ஆள் வந்தார். நம் தூளில் டீ கொடுத்தேன், நன்றாயிருக்கிறது என்றார். காடு என்ன விலை என்றார். பந்தலுக்கு வாங்க, முதலில் இலை விலையைப் பேசுவோம் என்றேன். வரவில்லை.

கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடுகிறது, நல்ல இன்வெர்ட்டர் ஒன்றுக்கு ஏற்பாடு செய். வெயிலில் அலையாதே. இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். லீவில் வரும்போது நேராகப் பந்தலுக்கு வா. பந்தல் இல்லையென்றால் விலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள். அப்பா இறங்கிவிட்டான் என்று மட்டும் நினைக்காதே.

மூச்சும் முரண்டும் குறையாத உன் அப்பா,
ஆறுக்குட்டி