இரண்டேகால் சூரியன்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மூன்று ஜில்லாத் தண்ணீரும் என் ஒருவன் தலையில்தான். ஆற்றில் செந்தண்ணீர்.

அண்ணனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது: இட்லி 2 (தின்றது அரை), வெந்நீர், கண்ணாடி.

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். பத்து நாள்.

திரும்பி உள்ளே போனால் அண்ணன் நர்ஸம்மாவிடம், “எம் மக கோமதி புனேல ஒரு நட்சத்திரத்தை எடை போட்டுருக்கா. ரெண்டேகால் சூரியன். ஒலகத்துலயே அதுக்கு மேல கனம் கெடையாது.”

‘ஒலகத்துலயே’ நான் சேர்த்தது. வள்ளியூர் வரை பரப்பியதும் இந்த மகானுபாவனே.

நவம்பர் 6, வியாழன்

தூறல். சட்டை காயவில்லை.

கோமதி போன். அழுத குரல். அவளுடையது நியூட்ரான் நட்சத்திரம். ஒரு கரண்டி எடுத்தால் பொதிகை மலை எடை (இது நான் விட்டதல்ல, நிஜம்). இன்னொரு செத்த நட்சத்திரத்தோடு ஜோடியாகச் சுற்றுகிறது. சுற்றும்போது அவள் நட்சத்திரம் விடும் ரேடியோத் துடிப்பு முன்பின்னாக வந்துசேருவதை வைத்து எடை. ஆனால் சுற்றும் பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். புதிதாய் எடுத்த துடிப்புகளில் சாய்வு வேறாக வந்துவிட்டது. இரண்டேகால் போய் ஒன்று புள்ளி நான்கு.

“அப்பா தப்பு அளவோட போயிரக் கூடாது சித்தப்பா. நீங்கதான பெருசாக்குனிய, நீங்களே சொல்லிருங்க. டாக்டர் சொன்னது மட்டும் தெரியாண்டாம். சனிக்கிழமை வந்துருதேன்.”

நியாயம். அண்ணன் சர்வேயராக இருந்தவர். வரப்பு ஒரு சாண் தப்பினாலும் மறுபடி சங்கிலி பிடித்து அளப்பார்.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. வெயிலும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் கொக்கிரகுளம் வரை ஒத்திகை. ஏழு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஏழிலும் எங்கேயாவது ஒரு யானை நுழைந்துவிட்டது. கடைசியில் அண்ணனிடம் யானை இல்லாமலே சொன்னேன். அளவு தப்பு. ஒன்று புள்ளி நான்கு. மற்ற நட்சத்திரங்களைப் போல இதுவும் ஒன்று. உலகத்திலேயே என்பது என் சொந்தச் சரக்கு.

“பிள்ள திருத்திட்டாளா. அதான் சரி.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

“ஏலே, அறுவது வருசமா நீ உள்ளத உள்ளபடி சொல்லி நான் கேட்டதில்லயே.”

ஜன்னலைச் சாத்தப் போனேன். சாத்தித்தான் இருந்தது.

“டாக்டர் எத்தன நாளு சொன்னாரு?”

நூறு வருசம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பத்து என்று வந்தது.