ஒரு மணி நேரம் நின்ற இரத்தம்

பொகவந்தலாவை
08.02.2025

அன்புள்ள நிலக்ஷி அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் டோஹாவுக்குத் திரும்பும் அழகன் அண்ணனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். மகளுக்குக் காய்ச்சல் இல்லை, முழங்கால் வீக்கமும் வற்றிவிட்டது. லயத்து வீட்டு வாசலில் பாண்டி ஆட ஓடுகிறாள். உங்கள் மகளல்லவா, சொல் பேச்சுக் கேட்பாளா? "சிவனொளிபாத மலைக்குக் கூட்டிட்டுப் போ" என்று கத்தினீர்களே, ஏன் மாட்டேன் என்றேன் தெரியுமா?

நேற்று ஆஸ்பத்திரி லெப் மிஸ்ஸிடம் கெஞ்சி, மகளின் இரத்தத்தைப் பார்த்தேன். ஈர்க்குச்சி போன்ற நீளமான கண்ணாடிக் குழாயில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சிவப்பு அடிக்கு இறங்க இறங்க, மேலே மஞ்சளாகத் தெளிந்தது. உடம்பு நன்றாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம்தான் இறங்குமாம். உள்ளே அழற்சி இருந்தால் வேகமாக இறங்குமாம். நம் பிள்ளையுடையது தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர். அவள் வெளியே பாட்டுப் பாடுகிறாள், அவள் இரத்தம் இங்கே இப்படிச் சொல்கிறது! தொண்டைக் கிருமியால் வந்த வாதக் காய்ச்சலாம். இது தணியும்வரை ஓடினால், ஏறினால் இருதயத்தைத் தாக்கும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். திரும்ப வராமலிருக்க மாதாமாதம் ஊசியும் போட வேண்டுமாம். உங்கள் நேர்த்திக்கடன் கொஞ்சம் பொறுக்கட்டும்.

அன்புடன்,
பிரேமினி

டோஹா
20.02.2025

அன்புள்ள பிரேமினிக்கு,

காய்ச்சலில் அவள் கண் திறக்காமல் கிடந்தபோது, "எம் புள்ள பொழைச்சா இந்த சீசன்லயே தன் காலால மலை ஏறி வருவா" என்று சிவனிடம் அழுதேன். பிழைத்தாள். கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டால் உன் குழாய் வந்து தடுக்குமா? மார்ச் பௌர்ணமிக்கு, போயாவுக்கு, தம்பி கிஷாந்த் அவளைக் கூட்டிப் போவான். குறுக்கே நிற்காதே. நின்றால், நான் அந்த வீட்டுக்கு வருவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

நிரஞ்சன்

பொகவந்தலாவை
14.03.2025

அன்புள்ள நிலக்ஷி அப்பாவுக்கு,

போயாவுக்கு முதல் நாள் உங்கள் தம்பி வந்தார். நான் சண்டை போடவில்லை. தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல், அவரையும் மகளையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மிஸ் நல்ல மனுஷி, உங்கள் தம்பியையும் குழாயைப் பார்க்க விட்டார். ஒரு மணி நேரம் கண்ணெடுக்காமல் நின்றார். இந்த முறை அறுபத்தாறு மில்லிமீட்டர்.

"சிரிச்சுக்கிட்டு இருக்கிற புள்ளைக்குள்ள இதுவா, அண்ணி?" என்றார். மலையடிவாரத்து நல்லதண்ணிக்குத் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

நீங்கள் வராமல் போனாலும் அவளை ஏற விடமாட்டேன். அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

பிரேமினி

டோஹா
02.04.2025

என் அன்புள்ள பிரேமினிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். முடியவில்லை. எங்கள் கேம்ப் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் மலையாளி நண்பனிடம் போய்க் கையை நீட்டினேன். குழாய்க்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஆறே மில்லிமீட்டர், ஒரு நெல்மணி அளவு.

பிறகு அதே குழாயில் தொண்ணூற்றிரண்டு எங்கே என்று விரல் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்டப் பாதிக் குழாய், பிரேமினி! என் மகளுக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது, நான் வீடியோவில் அவள் சிரிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த நண்பன் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அவளை ஏற விடாதே. மாதாந்த ஊசியைத் தவற விடாதே. ஜூனில் வீட்டுக்கு வருகிறேன், வரவிடுவாயா? சாமி கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும். வேண்டிக்கொண்டவன் நான்தான்.

உன்
நிரஞ்சன்