நெஞ்சில் வைத்த கை

கோமதி அனுப்பிய பார்சல் இன்று காலையில் வந்தது. பிரித்ததும் பன்னீர் வாசனை. உள்ளே அட்டைப் பெட்டியில் வெள்ளை வெள்ளையாகப் பூசணிக்காய் மிட்டாய். நம்மூரில் புது வீட்டுக்குத் திருஷ்டி படக்கூடாதென்று கட்டித் தொங்கவிடுகிற அதே பூசணிக்காயை ஆக்ராவில் சர்க்கரைப் பாகில் போட்டு மிட்டாய் ஆக்கிவிடுகிறார்கள். மேலே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாள். "அக்கா, போன வாரம் ஆக்ரா போனோம். ரயில்லதான். அண்ணனுக்கு வாங்கிக் குடுக்கணும்னு நெனச்சது. நீங்களாச்சும் சாப்பிடுங்க."

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இறங்கவில்லை. மார்கழி பிறந்தாலே இப்போது எனக்குப் பயம். பாப்பிரெட்டிப்பட்டியில் விடிந்த பிறகும் எதிர்வீட்டுச் சுவர் தெரியாத அளவுக்குப் பனி இறங்கினால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறேன். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமலே நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். அதைச் சொல்ல வேண்டுமானால் டெல்லியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீங்கள் ஓய்வு பெறுவதற்கு முந்தின டிசம்பர் அது. எனக்குப் பள்ளியில் அரையாண்டு விடுமுறை. முப்பது வருடம் சித்தேரி மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு கேட்டீர்கள். அதியமான்கோட்டையில் உங்களோடு பள்ளிக்கூடம் படித்த முருகேசன் அண்ணன், டெல்லியில் வேலை கிடைத்துப் போய் அங்கேயே தங்கிவிட்டவர், வருடா வருடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குக் கேழ்வரகு மாவு, அவர் மனைவி கோமதிக்குப் புளி, நிலக்கடலை என்று இரண்டு பை கட்டினேன். "குளுருக்குத் துணி எடுத்து வைடின்னா மளிகைக்கடைய எடுத்து வச்சிருக்கா" என்று ரயில் முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள்.

மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு. பாத்திரம் கழுவினால் விரல் மரத்துப்போகும் குளிர். நீங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டே பல் துலக்கினீர்கள். முதல் மூன்று நாள் நன்றாகத்தான் போனது. நான்காம் நாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது, ஒரு சிக்னலில் முருகேசன் அண்ணன் காரைத் தூக்கிப்போட்டது போல நிறுத்தினார். நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். "பிரேக்க மெதுவா மிதிடா, பின்னாடி பொம்பளைங்க இருக்காங்க" என்றீர்கள்.

அவர் சிரித்தார். ஆனால் முகம் சிரிக்கவில்லை. "முப்பது வருசமா மலைல ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஹார்ன் அடிச்சிக்கிட்டு ஓட்டுனவன், டெல்லில ஓட்டுறவனுக்குச் சொல்லித் தர்றான் பாரு கோமதி" என்றார். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் உங்களுக்கு இரண்டாவது சப்பாத்தி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு மானமே போய்விட்டது.

அறைக்குள் போனதும் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "அவங்க வூட்டுல தங்கி அவங்க சோத்தத் திங்கிறோம். நாளைக்கு ஆக்ரா போறப்ப வாயத் தொறக்காதீங்க. அவரு வண்டி, அவரு ரோடு."

"தொறக்க மாட்டேன். ஓட்டுறவன்கிட்ட பேசக் கூடாதுன்னு என் சீட்டுக்கு மேலயே எழுதிப் போட்டிருக்கு. எனக்கே தெரியாதா?" என்றீர்கள். சொன்னதோடு விட்டிருக்கலாம். என் முகத்தைப் பார்த்து, என் சமாதானத்துக்காக, "சத்தியமா" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டீர்கள்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். நீங்கள் முன்னால் அவர் பக்கத்தில். நானும் கோமதியும் பின்னால். ஊரைத் தாண்டி அகலமான சாலையில் ஏறும்வரை பனி சும்மா புகை மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. முதலில் ஓரத்து மரங்கள் போயின. அப்புறம் நடுவிலிருந்த தடுப்புச்சுவர் போனது. கடைசியில் எங்களுக்கு முன்னால் போன லாரியின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும் மிச்சமிருந்தன. அண்ணன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. "லாரிக்காரன் போறானில்ல, அவன் பின்னாடியே போனாப் போதும். இதெல்லாம் இங்க சகஜம்" என்றார்.

சித்தேரியில் பனி இறங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அகலமான வளைவு பார்த்து பஸ்ஸை ஒதுக்கி நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்ப் பாறையில் உட்கார்ந்துகொள்வீர்கள். நேரமாகிறது என்று யார் கத்தினாலும் அசைய மாட்டீர்கள். அந்த ஆள் இப்போது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வாய் மூடி உட்கார்ந்திருந்தார். உங்கள் வலது கால் மட்டும் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. அங்கே பிரேக் இல்லை.

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

நாற்பது பிள்ளைகளைக் கண்ணாலேயே உட்கார வைக்கிறவள் நான். "உன் கண்ணு ஒண்ணு போதும், லாரிய நிறுத்திடலாம்" என்று நீங்களே கேலி செய்வீர்கள். அந்தக் கண்ணைத்தான் உங்கள்மீது காட்டினேன். சும்மா இருங்க. நீங்கள் முன்னால் திரும்பிக்கொண்டீர்கள். எனக்குப் பயமில்லாமல் இல்லை. கோமதி முணுமுணுவென்று ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். இருந்தும், செத்துப்போவதைவிட முருகேசன் அண்ணன் கோபித்துக்கொள்வதுதான் அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. இதை எந்த வாயால் யாரிடம் சொல்வேன்?

இரண்டாவது தடவையும் பார்த்தீர்கள். இரண்டாவது தடவையும் அதே கண்.

லாரியின் சிவப்பு விளக்கு சட்டென்று பெரிதானது. அண்ணன் பிரேக்கை அழுத்த, கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சமாளித்தது. லாரியின் பின்பலகையில் எழுதியிருந்த இந்தி எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்த்தேன், அத்தனை கிட்டத்தில். "பாத்தியா, கன்ட்ரோல்" என்று அண்ணன் சொன்னார். மறுபடியும் வேகமெடுத்தார்.

மூன்றாவது தடவை நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்தீர்கள். "முருகேசா, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதுடா" என்றீர்கள்.

அண்ணன் பதறிவிட்டார். "டேய், என்னடா சொல்ற" என்று வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். ரோட்டோரத்தில் நிறுத்தப் போனவரை, "இங்க வேணாம், பின்னாடி வர்றவன் ஏத்திருவான். ஓட்டல் எதுனா வந்தா உள்ள வுடு" என்றீர்கள். நெஞ்சு வலிக்கிற ஆளுக்கு இத்தனை நிதானம் வராது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மெதுவாக ஊர்ந்து, இடப்பக்கம் மங்கலாகத் தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலுக்குள் திரும்பினோம். சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்தச் சொன்னீர்கள்.

கடைக்குள் உட்கார்ந்து, அண்ணன் உங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சைத் தடவி, ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஒண்ணுமில்லடா. பொய் சொன்னேன். பனி வெலகட்டும், போலாம்."

அவர் முகம் செத்துப்போனது. "எம்மேல நம்பிக்கை இல்லன்னு நேரா சொல்லியிருக்கலாம்டா நீ" என்று எழுந்து போய் வேறு மேசையில் உட்கார்ந்துகொண்டார். கோமதி யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். நான் உங்களை முறைத்தேன். நீங்கள் டீயை ஊதிக் குடித்தீர்கள்.

டீ பாதிகூடத் தீரவில்லை. சாலைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய இரும்புக் கதவைச் சாத்தியது போல. கடையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். இன்னொன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. எதுவும் தெரியவில்லை, வெள்ளையாகப் பனி மட்டும்தான். சத்தம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, நம் ஊர்ப்பக்கம் கேட்டே இராத சத்தம், வந்துகொண்டே இருந்தது. எண்ண ஆரம்பித்து ஆறோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு மனிதர்களின் குரல் கேட்டது. கடைக்காரர்கள் ஓடினார்கள். நீங்களும் எழுந்தீர்கள். நாலடி போனவர், திரும்பி வந்து மறுபடி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். உங்களுக்கும் பயம் என்று அன்றுதான் பார்த்தேன்.

முருகேசன் அண்ணன் எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்கள் கையைப் பிடித்தவர், வெயில் வந்து பனி விலகும்வரை விடவில்லை. ஆக்ராவுக்குப் போகவில்லை. மத்தியானம் டெல்லிக்கே திரும்பினோம். கார் மாட்டுவண்டி வேகத்தில் போனது.

ஊர் திரும்பும் ரயிலில் கேட்டேன். "நேராச் சொல்லாம எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"அவன் மானமும் போகக் கூடாது, உன் சத்தியமும் போகக் கூடாது. நான் என்ன பண்ணட்டும்?" என்றீர்கள். ரொம்ப நேரம் சிரித்தோம். அந்தச் சிரிப்புதான் எனக்கு வினையானது.

ஏனென்றால் அது நமக்குள் விளையாட்டாகிவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், வளைகாப்புக்குப் போனாலும், உங்களுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் தூரத்திலிருந்தே நெஞ்சில் கை வைத்துக் காட்டுவீர்கள். நான் கண்ணை உருட்டுவேன். நீங்கள் கையை இறக்கிவிட்டுச் சிரிப்பீர்கள். எத்தனை விசேஷம், எத்தனை தடவை.

இந்த ஆவணியில் என் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு மூத்தவள் நான், யார் இலையில் எது குறைகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர் வரிசையில் நீங்கள். சோற்றைப் பிசைந்தபடி வைத்துவிட்டு, இடது கையை நெஞ்சில் வைத்து என்னைப் பார்த்தீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. சம்பந்தி வீட்டார் இன்னும் சாப்பிடவில்லை, அதற்குள் இவருக்குக் கிளம்ப வேண்டுமாம். கண்ணைக் காட்டினேன். சும்மா இருங்க.

நீங்கள் கையை இறக்கினீர்கள். சிரித்தீர்கள் என்றுதான் நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அது சிரிப்பா என்று தெரியவில்லை.

அந்தப் பந்தி முடிந்து, அடுத்த பந்தியும் முடியும்வரை, ஒன்றரை மணி நேரம், மண்டபத்து மூலையில் ஒரு நாற்காலியில் எனக்காக உட்கார்ந்திருந்தீர்கள். நான் வந்து "வாங்க, போலாம்" என்று தோளைத் தொட்டபோது சட்டை முழுக்க வேர்வை. எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வலி எப்பலேர்ந்தும்மா?"

"இப்பத்தாங்க" என்று சொன்னேன்.

உங்கள் காரியத்துக்கு முருகேசன் அண்ணன் டெல்லியிலிருந்து வந்தார். நீங்கள் பொய் சொல்லி நான்கு உயிரைக் காப்பாற்றிய கதையை வந்தவர்களிடமெல்லாம் அழுதுகொண்டே சொன்னார். கேட்டவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். அந்த ஒன்றரை மணி நேரம் என்னையும் உங்களையும் தவிர யாருக்கும் தெரியாது. இன்றுதான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கப் பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமையானால் நாலைந்து பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். வீட்டுப்பாடம் எழுதியிருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் ஒரு பார்வைதான், பெஞ்சுக்கு ஓடிவிடுவார்கள். இப்போது ஒவ்வொருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்கிறேன். வீட்டுக்குப் போன் போட்டு, ஆள் வந்தபிறகு அனுப்புகிறேன். "டீச்சர், அது பொய்யின்னு உங்களுக்கே தெரியலையா?" என்று தலைமையாசிரியர் போன வாரம் கேட்டார்.

"தெரியுதுங்க சார்" என்றேன். அடுத்து நின்ற சிறுமியின் பையை எடுத்துக்கொண்டு அவளைக் கைப்பிடித்து வாசல்வரை கூட்டிப் போனேன். என் முகத்தைப் பார்த்து, "டீச்சர், எனக்கு வலிக்கலிங்க டீச்சர், நெசமா வலிக்கலிங்க" என்று அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. அப்போதும் நான் கையை விடவில்லை.