தகரக் கூரையில் மழை

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் வயலை நீ எழுதி வாங்கிய நாளிலிருந்து உன்னோடு நான் கதைக்கவில்லை. இன்னும் மன்னிக்கவுமில்லை.

குளக்கட்டில் எனக்கு இராக் காவல். தண்ணீர் ஏறினால் மணியடித்துக் கீழேயுள்ளவர்களை எழுப்ப வேண்டும். தூக்கமெல்லாம் பகலில்தான். உன் மதினி தறியை நிறுத்தமாட்டாள். "தறி நிண்டா புள்ளையள் என்னத்தத் தின்ற? நீங்க பழகிக்கங்க" என்றாள். பழகிவிட்டேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் கண் மூடுகிறது.

காவல் குடிசைக்குத் தகரக் கூரை. மாரி மழை அதில் தறியைப் போலவே அடிக்கிறது. கடந்த மூன்று இரவும் தூங்கிவிட்டேன். முந்தாநாள் விழித்தபோது தண்ணீர் கட்டின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. நேற்று ஒரு சாண். மேலதிகாரியிடம் சொன்னால் வேலை போய்விடும்.

கட்டுக்கு அருகில் இருப்பது உன் வீடுதான். மணிச் சத்தத்தை நம்பாதே. பிள்ளைகளோடு இன்றே மேட்டுக்குப் போய்விடு.

இதை உனக்கு எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

உன் காக்கா