டில்லி கையெழுத்து

2007 மாசி, திங்கள்.
காலையில் பனி. தண்ணீர் லாரி வரவில்லை. சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, இனி வாங்கத்தான் வேண்டுமா, தெரியவில்லை. என்ஜினீயரிங், மெடிக்கல் நுழைவுத் தேர்வை ஒழிக்கும் சட்டம் சென்னையில் நிறைவேறி, டில்லியில் ஜனாதிபதி கையெழுத்துக்குக் கிடக்கிறது. கையெழுத்து விழுந்தால் என் கோச்சிங் கிளாஸுக்குப் பூட்டு. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இந்த மேற்குத் தாம்பரம் மாடியில் நானாக வளர்த்தது.

என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. சாயங்காலம் சேலையூரில் மாநில சுயாட்சிக் கூட்டம். "நம்ம பிள்ளைங்க படிப்பைத் தீர்மானிக்க டில்லி யாரு?" என்று கண்ணாடி முன் ஒத்திகை. இவர் வேலை, சம்பளம், நாளைய பென்ஷன் எல்லாம் மத்திய அரசு.

செவ்வாய்.
கூட்டம் அமோகமாம். மைக்செட்காரரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்கவில்லை.

புதன்.
வெயில். கிளாஸில் படிக்கும் தேவியின் அம்மா வந்தார். கானத்தூரில் மீன் விற்பவர். "இன்னா மேடம், பரிச்சையே இல்லியாமே? நல்லதாப் போச்சு. எம் பொண்ணு பன்னெண்டாவதுலயே நல்லா மார்க் எடுத்துடும். அப்பால இவ்ளோ தூரம் பஸ்ல வந்துகினு போய்கினு இன்னாத்துக்கு?"

நியாயம்தான். அதனாலேயே எரிச்சல்.

விளக்கேற்றி, டில்லி கையெழுத்துப் போடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வெள்ளி.
கேஸ் புக் பண்ண வேண்டும். பிசிக்ஸ் கிளாஸில் பாதி பெஞ்ச் காலி. இவர் கேட்கவே இல்லை. ரசத்தில் உப்பு குறைவு என்பதை மட்டும் கவனித்தார்.

சனி.
கையெழுத்து விழுந்தது. டிவியில் சொன்னார்கள். இவர் லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார்.

எதிர்வீட்டுக்காரர் மட்டும் கேட்டார்: "சார், மேடம் கிளாஸ் என்ன ஆகும்?"

"உரிமைன்னு வந்தா நாலு பேருக்கு நஷ்டம் வரத்தான் செய்யும் சார்."

நாலு பேராம். நான் ஒருத்தி. மீதி மூன்று பேர் யார் என்று இவரைத்தான் கேட்க வேண்டும்.

ஞாயிறு.
புழுக்கம். கிளாஸுக்கு ஒருவரும் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் இவர் மாடியேறி வந்தார். மேடையில் அலறுகிற அதே தொண்டை, அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "சுப்ரீம் கோர்ட்டு இருக்குல்ல? இந்தச் சட்டம் செல்லாதுன்னு ஒரு கேஸ் போட்டா என்ன? டில்லில தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்காரு."

"யார் பேர்ல?"

"உன் பேர்லதான். என் பேரு வேணாம். நான் மேடை ஏறணும்ல."

ஏணியைக் கொண்டுவந்து பிடிக்கச் சொன்னேன். வாசலில் தொங்கும் கோச்சிங் கிளாஸ் போர்டைக் கழற்ற வேண்டும்.