நூற்றிருபதைத் தாண்டட்டும்

மாப்பிள்ளை,

உங்கள் பங்குக் காகிதங்கள் இருக்கும் ஸ்வீட் டப்பாவை நேற்றுத் திறந்தேன். இத்தனை மாதம் கழித்தும் நெய் வாசம் போகவில்லை. நான் அவசரப்பட்டு வாங்கி வந்த மைசூர்பாகு டப்பாதான் அது.

அந்தக் கம்பெனியின் பங்கு வாரண்டை ஆளுக்கு ஆயிரம் என்று சேர்ந்துதான் வாங்கினோம், ஒன்று இருபது ரூபாய்க்கு. சந்தையில் பங்கு என்ன விலை போனாலும், கெடு முடிவதற்குள் நூறு ரூபாய் கட்டி ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. கட்டாயம் இல்லை. எனக்கு அது அமராவதிபுதூரில் இடத்துக்கு அட்வான்ஸ் போட்ட மாதிரிதான் பட்டது. பங்கு நூற்றுநாலைத் தொட்டதும் டப்பாவோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு துண்டு தின்று முடித்த பிறகுதான் வாயைத் திறந்தீர்கள்.

“இடத்து அட்வான்ஸ் வெலையில கழியும் மச்சான். இது கழியாது. நூறும் இருவதும் சேத்து நூத்தியிருவதைத் தாண்டுனாத்தான் லாபம். அதுக்குள்ள ஸ்வீட்டு வாங்கிட்டீக.”

என் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நாலு கிரயம் முடித்தவன் என்ற என் பெருமை அன்றோடு போயிற்று.

பிறகு பங்கு தொண்ணூறுக்கு இறங்கியது. நூறு கட்டித் தொண்ணூறு ரூபாய்ப் பங்கை எவன் வாங்குவான்? ஆனாலும் வாரண்ட் பதினொரு ரூபாய்க்குக் கைமாறிக்கொண்டிருந்தது. கெடுவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அதற்குள் ஏறலாம் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த விலை, நாள் குறையக் குறைய அதுவும் கரையும் என்றீர்கள். நீங்கள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வாரண்டின் கெடுவை அவ்வளவு சரியாகச் சொன்னவர், உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

கெடு நாள் வந்தபோது பங்கு நூற்றுப்பன்னிரண்டில் நின்றது. என்னுடையதற்கு நான் கட்டிவிட்டேன். உங்களுடையது தங்கச்சி பேருக்கு மாறியிருந்தது. நீங்கள் கடைசியாக வாங்கியது வீணாய்ப் போனது என்று சொந்தக்காரர்கள் பேசியது அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

“நட்டத்துல போயி இன்னும் ஒரு லட்சத்தக் கொட்டணுமாண்ணே? போனது போகட்டும்.”

போனது போகட்டும்தான், அந்த இருபது கட்டினாலும் வராது, கட்டாவிட்டாலும் வராது என்றேன். இன்றைக்குப் பார்க்க வேண்டியது நூறு கொடுத்தால் நூற்றுப்பன்னிரண்டு கிடைக்கிறதா என்பது மட்டும்தான். கட்டினால் எட்டு நட்டம், விட்டால் இருபதும் நட்டம். பங்கு கணக்கில் ஏறுவதற்குள் விலை சறுக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, போனை எடுத்துப் பணத்தைக் கட்டினாள்.

நேற்றுப் பங்கு அவள் கணக்கில் ஏறிவிட்டது. விலை நூற்றுப்பதின்மூன்று. நீங்கள் கடைசியாக வாங்கியது வீணாகவில்லை, மாப்பிள்ளை. பங்குக்குக் கெடு கிடையாது, இனி பொறுத்திருக்கலாம். எதை வாங்கப் போனாலும், முன்னால் கொடுத்தது கழியுமா என்று கேட்காமல் நான் இப்போது பையில் கை வைப்பதில்லை.

பங்கு ஏறியதற்கான காகிதத்தை டப்பாவில் வைத்து மூடும்போது, ஸ்வீட்டு வாங்கட்டுமா என்று தங்கச்சி கேட்டாள். நூற்றிருபதைத் தாண்டட்டும் என்றேன். சிரித்தாள், மாப்பிள்ளை. நீங்கள் போன பிறகு நேற்றுத்தான் சிரித்தாள்.